வாட்டைப் பார்த்தோம், வோல்ட்டைக் கோட்டைவிட்டோம்: இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர்கள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

24 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090 கிராஃபிக்ஸ் கார்டு பூட்டிய கணினி. புதிய விளையாட்டைத் திறந்தால், முதலில் சில நிமிடங்கள் ஷேடர்கள் எனப்படும், காட்சியை வரையும் சிறு நிரல்களைத் தொகுத்துக்கொண்டிருக்கும். பிறகு ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். கார்டிலோ நினைவகம் ஏராளமாகக் காலியாகக் கிடக்கும். 2023-இன் கடைசி மாதங்களிலும் 2024-இன் தொடக்கத்திலும் அன்ரியல் எஞ்சின் என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் உருவான விளையாட்டுகளை ஆடிய பலருக்கு இதுதான் நேர்ந்தது. கார்டை மாற்றிப் பார்த்தார்கள். டிரைவரை அழித்துப் புதிதாக நிறுவினார்கள். ராம் குச்சிகளைக் கழற்றித் துடைத்து மீண்டும் சொருகினார்கள். சிலர் விண்டோஸையே இரண்டு மூன்று முறை நிறுவினார்கள். தலைவலிக்கு வாங்கிய தைலத்தைக் காலில் தடவிய கதைதான். கோளாறு கணினியின் மூளையான இன்டெல் பிராசசரில் இருந்தது.

(‘செயலி’ என்று எழுத ஆசைதான். ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கைபேசி ஆப் பிடித்துக்கொண்டுவிட்டது. எனவே இந்தக் கட்டுரை முழுவதும் பிராசசர்.)

பிராசசர் பழுதுபட்டால் கிராஃபிக்ஸ் கார்டின் பெயரில் ஏன் பிழைச்செய்தி வருகிறது? விளையாட்டின் கோப்புகள் வட்டில் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அவற்றை விரிக்கும் வேலை பிராசசருடையது. அன்ரியல் எஞ்சின் இதற்கு ஊடில் என்ற நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. விரித்த தரவு சரிதானா என்று ஊடில் அவ்வப்போது தானே சோதித்துக்கொள்ளும். ஒரேயொரு பிட் பிறழ்ந்தாலும் ‘விரிக்க முடியவில்லை’ என்று கைவிரித்துவிடும். மற்ற மென்பொருள்களில் அதே பிழை நடந்தால், ஒரு படத்தில் ஒரு புள்ளி நிறம் மாறும். யாரும் கவனிக்கப் போவதில்லை. ஷேடர் தொகுப்பில் நடந்தால், அந்தத் தோல்வியை மேலே இருக்கும் நிரல் தவறாகப் புரிந்துகொண்டு, ‘நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்று தனக்குத் தெரிந்த ஒரே காரணத்தைச் சொல்லிவிடும். ஊடிலை உருவாக்கியவர்கள் 2024 தொடக்கத்திலேயே ஒரு குறிப்பு வெளியிட்டார்கள்: கோளாறு எங்கள் நிரலில் இல்லை, அன்ரியல் எஞ்சினிலும் இல்லை, சில மதர்போர்டுகளின் (பிராசசரைச் சுமக்கும் பலகைகளின்) அளவுக்கு மீறிய நம்பிக்கை கொண்ட பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அமைப்புகளால் ஒரு சிறு பங்கு இன்டெல் 13900கே, 14900கே பிராசசர்கள் தம் எல்லையைத் தாண்டிப் போகின்றன, பெரிய கோர்களின் (பிராசசருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகளின்) வேகப் பெருக்கியை 55-இலிருந்து 53-ஆகக் குறைத்துப் பாருங்கள். அதாவது 5.5 கிகாஹெர்ட்ஸை 5.3 ஆக்குங்கள். பலருக்கு அது வேலை செய்தது. அது ஏன் வேலை செய்தது என்பதில்தான் இந்த நிகழ்வின் முடிச்சு இருக்கிறது. அந்த முடிச்சு அவிழ இன்னும் எட்டு மாதம் ஆயிற்று.

எந்தப் பிராசசர்கள்

13-ஆம் தலைமுறை 2022 அக்டோபர் 20 அன்று விற்பனைக்கு வந்தது. உச்சியில் கோர் ஐ9-13900கே: 8 பெரிய கோர், 16 சிறிய கோர், 32 இழைகள் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பணிவரிசைகள்), அதிகபட்சம் 5.8 கிகாஹெர்ட்ஸ். 2023 ஜனவரியில் வந்த 13900கேஎஸ் 6.0-ஐத் தொட்டது. அதே ஆண்டு அக்டோபர் 17-இல் 14-ஆம் தலைமுறை வந்தது. பெயர்தான் புதிது, உள்ளே பெரும்பாலும் பழைய சிலிக்கான். அதன் 14900கே 6.0 கிகாஹெர்ட்ஸ், 2024 மார்ச்சில் வந்த 14900கேஎஸ் 6.2. கட்டமைப்பில் சொல்லும்படியான மாற்றம் இல்லாமல் ஓராண்டு இடைவெளியில் புதிய எண்ணைக் காட்ட வேண்டுமென்றால், கையிலிருக்கும் ஒரே வழி அதிர்வெண்ணைக் கூட்டுவதுதான். எதிர்ப்பக்கத்தில் போட்டி நிறுவனமான ஏஎம்டியும் சும்மா இருக்கவில்லை. 2022 செப்டம்பரில் வந்த ரைசன் 9 7950எக்ஸ், 170 வாட் என்று பெட்டியில் எழுதிக்கொண்டு 230 வாட் வரை இழுத்தது. 95 டிகிரி செல்சியஸில் ஓடுவது இயல்புதான் என்று ஏஎம்டியே சொன்னது.

மின்நுகர்வு இந்த அளவுக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு பின்னோட்டம் வேண்டும். 2011-இன் 2600கே-க்கு 95 வாட். 2018-இன் 9900கே-க்கும் பெட்டியில் 95 வாட்தான். 2020-இன் 10900கே, நீடித்த வேலைக்கு 125 வாட், 56 விநாடி வரையிலான குறுகிய பாய்ச்சலுக்கு 250 வாட் என்று இரண்டு எண்களைச் சொன்னது. 2021 நவம்பரில் வந்த 12900கே-யில் அந்த நேர வரம்பையும் எடுத்துவிட்டார்கள். குளிர்விப்பான் தாங்கும்வரை 241 வாட்டிலேயே ஓடலாம். 13900கே-யில் அது 253 ஆனது. நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், பிராசசர் மட்டுமே நான்கு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்.

இத்தனை மின்சாரத்தால் என்ன கிடைத்தது? 13900கே-யை அறிமுகப்படுத்தியபோது இன்டெல் காட்டிய ஒரு படம் எனக்கு இன்றும் வியப்பு. 65 வாட்டுக்குக் கட்டுப்படுத்தினாலே இந்தப் பிராசசர், பல இழை வேலைகளில், 241 வாட் இழுக்கும் 12900கே-க்கு ஈடு கொடுக்கிறது என்றது அந்தப் படம். அதே நிறுவனம் அதே பிராசசரை 253 வாட்டில் விற்றது. கால்வாசி மின்சாரத்தில் முந்தைய உச்சத்தைப் பிடிக்கும் வண்டியை வைத்துக்கொண்டு, ஒப்பீட்டுப் பட்டியில் ஒரு விரல்கடை முந்துவதற்காக மிதித்த மிதி இது.

இருமடி விதி

பிராசசர் உண்ணும் மின்திறன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடிக்கு நேர்விகிதத்திலும் கூடும். 5 கிகாஹெர்ட்ஸில் 1.25 வோல்ட் போதும் என்று வைத்துக்கொள்வோம். 6 கிகாஹெர்ட்ஸுக்கு 1.5 வோல்ட் வேண்டும் என்றால், வேகம் 20 விழுக்காடு கூடியிருக்கும், மின்திறனோ 1.2 × 1.44, அதாவது ஏறக்குறைய 1.73 மடங்காகியிருக்கும். கசிவு மின்னோட்டம் தனிக் கணக்கு. மேலே போகப் போக ஒவ்வொரு 100 மெகாஹெர்ட்ஸுக்கும் விலை ஏறிக்கொண்டே போகும்.

ஓவர்க்ளாக் செய்பவர்களுக்கு, அதாவது தொழிற்சாலை சொன்ன வேகத்துக்கு மேல் பிராசசரை ஓட்டுபவர்களுக்கு, இது பழைய பாடம். 1998-இல் 300 மெகாஹெர்ட்ஸ் செலரான் 300ஏ-யை வாங்கி, பஸ் (பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் தடம்) வேகத்தை 66-இலிருந்து 100-ஆக மாற்றி, 450-இல் ஓட்டியவர்கள் உண்டு. ஐம்பது விழுக்காடு இலவச லாபம்! அன்று தொழிற்சாலை பெரிய இடைவெளியை விட்டுவைத்திருந்தது. அந்த இடைவெளிதான் ஓவர்க்ளாக்கரின் விளைநிலம். இன்று அந்த நிலத்தைத் தொழிற்சாலையே கடைசி வரப்பு வரை உழுது, பெட்டியின்மேல் 6.0 என்று அச்சிட்டு விற்றுவிடுகிறது. ‘நான் ஓவர்க்ளாக் செய்யவே இல்லை, வாங்கியபடியே ஓட்டினேன்’ என்று பாதிக்கப்பட்டவர்கள் சொன்னதில் பொய் இல்லை. அவர்களுக்காக வேறு இருவர் செய்து வைத்திருந்தார்கள்.

முதலாமவர் பிராசசரை உருவாக்கியவர். இரண்டாமவர் மதர்போர்டுக்காரர்.

மதர்போர்டு சந்தையில் எல்லா போர்டும் ஒரே பிராசசரைத்தான் சுமக்கிறது. ஒப்பீட்டுக் கட்டுரையில் இரண்டு விழுக்காடு முந்தினால்தான் பெயர். எனவே பயாஸில் மின்வரம்பை 4096 வாட் என்று வைத்தார்கள். அப்படி ஒரு மின்சாரத்தை எந்தப் பிராசசரும் இழுக்காது. ‘வரம்பு இல்லை’ என்பதற்கு அது மறைபெயர். மின்னோட்ட வரம்பாக 14900கே-க்கு இன்டெல் தரும் எண் 307 ஆம்பியர், உச்ச அமைப்பில் 400. போர்டுகளில் 512 என்று கிடந்தது. மின்னோட்டம் திடீரென்று எகிறும்போது வேகத்தைக் குறைத்துக் காக்கும் ஏற்பாட்டைப் பல போர்டுகள் அணைத்தே வைத்திருந்தன. இவை எல்லாம் பயாஸில் ‘ஆட்டோ’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தன. ‘ஆட்டோ’ என்றால் இன்டெல் சொன்னது என்று பயனர் நினைத்தார். அது போர்டுக்காரர் நினைத்தது.

2024 வசந்தம்: முதல் குற்றவாளி பிடிபடுகிறார், வழக்கு முடியவில்லை

ஏப்ரலுக்குள் செய்தி கொரியாவிலிருந்து அமெரிக்கா வரை பரவிவிட்டது. ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்று எங்களிடம் வருகிறவர்கள் 13, 14-ஆம் தலைமுறை பிராசசர் வைத்திருந்தால் இன்டெலிடம் போகவும் என்று கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியா கைகாட்டியது. அசூஸ், கிகாபைட் போன்ற போர்டுக்காரர்கள் அவசரமாக ‘இன்டெல் பேஸ்லைன்’ என்ற பெயரில் புதிய பயாஸ் அமைப்புகளைக் கொண்டுவந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொருவருடைய பேஸ்லைனும் ஒவ்வொரு மாதிரி. கடைசியில் இன்டெலே, ‘பேஸ்லைன் என்பது எங்கள் பரிந்துரை அல்ல, எங்கள் இயல்பு அமைப்பு இது’ என்று தனி அட்டவணை கொடுத்து, மே மாத இறுதிக்குள் அதை எல்லா போர்டிலும் கொண்டுவரச் சொன்னது. மின்வரம்பை அகற்றியது, மின்னோட்ட வரம்பை அகற்றியது, பாதுகாப்புகளை அணைத்தது என்று போர்டுக்காரர்களின் பிழைகளை இன்டெல் வரிசையாக அடுக்கியது.

அடுக்கியதில் உண்மை இருந்தது, வசதியும் இருந்தது. இந்தப் போர்டுகள் இப்படித்தான் வருகின்றன என்பது இரண்டு தலைமுறைகளாக இன்டெலுக்குத் தெரியும். இன்டெலின் பிராசசர் ஒப்பீட்டில் ஜெயித்த பட்டிகளில் பலவும் இதே திறந்துவிட்ட போர்டுகளில் எடுக்கப்பட்டவைதான். ஜெயித்தபோது வராத கண்டிப்பு, பழுதானபோது வந்தது.

இந்த இடத்தில் எல்லாரும் வாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். விளக்கம் எளிமையாக இருந்தது: 300 வாட்டுக்கு மேல் இழுக்கிறது, சூடாகிறது, கெடுகிறது, 253-க்குக் கட்டுப்படுத்தினால் தீர்ந்தது. அதற்குப் பொருந்தாத ஒரு சாட்சியம் அதே நேரத்தில் வேறோர் இடத்தில் சேர்ந்துகொண்டிருந்தது.

விளையாட்டு சர்வர் நடத்துபவர்கள் வேகமான ஒற்றைக் கோர் வேண்டும் என்பதற்காக 13900கே, 14900கே பிராசசர்களை வாங்கி டபிள்யூ680 சிப்செட் போர்டுகளில் வைத்திருந்தார்கள். அந்தப் போர்டுகள் பணிநிலையங்களுக்கானவை. அவற்றில் ஓவர்க்ளாக் கிடையாது, அடக்கமான மின்வரம்பு, அடக்கமான ராம் வேகம், தரவு மையத்தின் குளிர்காற்று. போர்டுக்காரர்மேல் பழிபோட அங்கே எதுவுமே இல்லை. ஆனாலும் அவை விழுந்தன. 2024 ஜூலையில் லெவல்1டெக்ஸ் என்ற யூடியூப் சேனல் இதைத் துருவி எடுத்து வெளியிட்டது. இப்படிப்பட்ட சர்வர்களில் கிட்டத்தட்ட பாதியில் நிலைகுலைவு காணப்பட்டது என்றது. அதே மாதம் ஆஸ்திரேலியாவின் ஆல்டரான் கேம்ஸ் இன்னும் கடுமையாகப் பேசியது: நாங்கள் சோதித்தவை ஏறக்குறைய அனைத்தும் நாள்பட நாள்பட மோசமாகின்றன, எங்கள் சர்வர்கள் எல்லாவற்றையும் ஏஎம்டிக்கு மாற்றுகிறோம். ஒரு நிறுவனத்தின் கணக்கை உலகத்துக்கே பொருத்த முடியாது. இருந்தாலும் ‘நாள்பட நாள்பட’ என்ற சொற்கள் முக்கியம். அமைப்புப் பிழை என்றால் முதல் நாளே விழ வேண்டும். முதல் மூன்று மாதம் நன்றாக ஓடி, பிறகு மாதம் இருமுறை, பிறகு நாள்தோறும் விழுகிறது என்றால் அது தேய்மானம்.

ஊடில்காரர்களின் 53-க்கான விளக்கமும் இதிலேயே இருக்கிறது. தேய்ந்த பிராசசருக்கு 5.5-ஐத் தாங்க இப்போது கூடுதல் வோல்ட் வேண்டும். தொழிற்சாலை அட்டவணை அதைத் தராது. 5.3-க்கோ இருப்பது போதும். நோயைத் தீர்க்கவில்லை, நோயாளியை மெதுவாக நடக்கச் சொன்னார்கள்.

நள்ளிரவு வோல்டேஜ்

கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். மாலை ஏழு மணிக்குப் பம்புசெட்டும் டிவியும் ஊர் முழுக்க ஓடும்போது பல்பு மங்கி எரியும், டியூப்லைட் கண்சிமிட்டும். நள்ளிரவில் எல்லாரும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத் தூங்கிய பிறகு, வாசலில் விட்ட ஒற்றைப் பல்பு கண்ணைக் கூசும்படி எரியும். பல்பு பீஸ் போவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கம்பியில் சுமை கூடினால் அழுத்தம் சரியும். சுமை இறங்கினால் அழுத்தம் ஏறும். அந்த நேரத்தில் மீட்டர் மெதுவாகத்தான் ஓடும்.

பிராசசருக்குள் நடந்ததும் இதுவே. மதர்போர்டிலிருந்து கோருக்குப் போகும் வழிக்கு ஒரு மின்தடை உண்டு. இந்தத் தலைமுறையில் அதற்கான உச்சவரம்பு 1.1 மில்லிஓம். 200 ஆம்பியர் பாயும்போது 0.22 வோல்ட் வழியிலேயே சரிந்துவிடும். முழுச் சுமையில், சினிபென்ச் என்ற சோதனை மென்பொருள் மாதிரி எல்லாக் கோர்களும் உழைக்கும் வேலையில், மின்வரம்பு வேகத்தையும் பிடித்து இழுக்கும். கோருக்கு வந்து சேரும் மின்னழுத்தம் அடங்கித்தான் இருக்கும். வாட் மீட்டர் 253 காட்டும், விசிறிகள் இரையும், பார்ப்பவருக்குப் பயமாக இருக்கும். சிலிக்கானின் ஆயுளுக்கு அது அவ்வளவு பெரிய ஆபத்தான நேரம் அல்ல.

ஆபத்தான நேரம் வேறு. உலாவியில் ஒரு பக்கம் திறக்கிறீர்கள். விளையாட்டின் முகப்புத் திரை நிற்கிறது. சர்வரில் நாலு பேர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றிரண்டு கோர்களுக்கு மட்டும் வேலை. 14900கே-யின் 6.0 கிகாஹெர்ட்ஸ் எல்லாக் கோர்களுக்கும் கிடைப்பதல்ல. தேர்ந்தெடுத்த இரண்டு பெரிய கோர்களுக்கு மட்டும், வெப்பம் 70 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது. அந்த இரண்டும் 6.0-க்குப் பாயும்போது பிராசசர் போர்டிடம் கேட்கும் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டையும் தாண்டிப் போகும். சுமை இல்லாததால் வழியில் சரிவும் இல்லை. கேட்டது அப்படியே வந்து சேரும். பெரிய கோர், சிறிய கோர், இடையே தரவைக் கடத்தும் வளையம் எல்லாமே ஒரே மின்தடத்தில் தொங்குகின்றன. இரண்டு கோர் கேட்ட 1.5 வோல்ட்டை மற்றவையும் சேர்ந்தே சுமக்க வேண்டும். அந்த நேரத்தில் வாட் மீட்டரைப் பார்த்தால் சில பத்து வாட்தான் காட்டும். யாருக்குச் சந்தேகம் வரும்?

டபிள்யூ680 சர்வர்கள் விழுந்ததன் புதிர் இங்கே அவிழ்கிறது. அவற்றின் மின்வரம்பு வாட்டைக் கட்டியது, வோல்ட்டைக் கட்டவில்லை. இரவு பகலாக, இலேசான சுமையில், குளிர்ந்த அறையில், உச்ச வேகத்திலேயே ஓடிய பிராசசர்கள் அவை. நல்ல குளிர்விப்பானே உச்ச மின்னழுத்தத்துக்கு அனுமதிச்சீட்டாக அமைந்த கொடுமையும் இதில் உண்டு: 70 டிகிரியைத் தாண்டினால்தானே அந்தக் கடைசிப் பாய்ச்சல் நிற்கும்!

‘ராத்திரி முழுக்கச் சினிபென்ச் ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை; ஆகவே பிராசசர் நல்லது’ என்று எத்தனையோ பேர் முடிவு கட்டினார்கள். அந்தச் சோதனை பிராசசரின் மிக மெதுவான, மிகக் குறைந்த மின்னழுத்த நிலையைத்தான் சோதித்தது. சுமை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் ஷேடர் தொகுப்பும் கோப்பு விரிப்பும்தான் உண்மையைக் கக்கவைத்தன.

எது தேய்ந்தது

2024 ஜூலை 22 அன்று இன்டெல் ஒப்புக்கொண்டது: மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் அடிப்படை நிரல்) கணக்கில் பிழை, பிராசசர் தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. முழு விளக்கம் செப்டம்பர் 25-இல் வந்தது. தேய்ந்தது கணக்குப் போடும் பகுதி அல்ல. கோருக்குள் கடிகாரத் துடிப்பைப் பகிர்ந்தளிக்கும் மரம். ஒரு மூலத்திலிருந்து கிளைகிளையாகப் பிரிந்து கோரின் மூலைமுடுக்கெல்லாம் துடிப்பைக் கொண்டுசேர்க்கும் மின்சுற்று அது. கோர் ஓடும் நேரமெல்லாம் அதற்கு ஓய்வில்லை. விநாடிக்கு அறுநூறு கோடி முறை துடிக்கிறது. உயர் மின்னழுத்தமும் வெப்பமும் சேர்ந்து அதை முதுமையடையச் செய்தன.

மூப்பின் அறிகுறி, துடிப்பின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் உள்ள அளவு மாறிப்போவது. தவில்காரர் ஒருவருக்கு வலக்கை மெல்லப் பிந்த ஆரம்பித்தால் விளம்பகாலத்தில் யாருக்கும் தெரியாது. துரிதகாலத்தில் தாளம் குலையும். 6 கிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்பின் முழு நீளமே 167 பிக்கோவிநாடி. அதில் ஒரு பாதி சுருங்கினால், அந்தப் பாதிக்குள் முடிய வேண்டிய வேலை முடிவதில்லை. முடிக்க வைக்கக் கூடுதல் வோல்ட் வேண்டும். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் பிழையின்றி ஓடத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம் மேலே நகர்ந்துவிட்டது. தொழிற்சாலையில் எழுதப்பட்ட அட்டவணையோ பழையபடியே நிற்கிறது. இன்டெல் இதற்கு வைத்த பெயரும் அதுதான்: குறைந்தபட்ச மின்னழுத்தப் பெயர்ச்சி.

காரணங்கள் நான்கு என்றது இன்டெல். போர்டுகளின் மீறல் ஒன்று. 70 டிகிரியைத் தாண்டிய பிறகும் ஐ9 பிராசசர்களை உச்ச வேகத்தில் விட்ட பிழை இரண்டாவது. இது ஜூன் மாதமே 0எக்ஸ்125 மைக்ரோகோடில் திருத்தப்பட்டது. தேய்மானம் தரும் அளவுக்கும் கால நீளத்துக்கும் உயர் மின்னழுத்தத்தைக் கேட்ட கணக்கு மூன்றாவது. ஆகஸ்ட் 9-இல் வந்த 0எக்ஸ்129, 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதற்குத் தடை போட்டது. நான்காவதுதான் என் பார்வையில் கதையின் கரு: சும்மா இருக்கும்போதும் இலேசான வேலையின்போதும் மைக்ரோகோடும் பயாஸும் கூடுதல் மின்னழுத்தத்தைக் கேட்டன. 0எக்ஸ்12பி அதைத் திருத்தி, முந்தையவற்றையும் உள்ளடக்கி வந்தது. நான்கில் முதலாவது போர்டுக்காரருடையது; இரண்டாவதும் மூன்றாவதும் இன்டெலின் சொந்தக் கணக்கு; நான்காவதில் இருவருக்கும் பங்கு. வசந்தத்தில் எழுதிய குற்றப்பத்திரிகையோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இடையில் ஒரு கிளைக்கதை. தொடக்ககால 13-ஆம் தலைமுறை பிராசசர்கள் சிலவற்றில், அடுக்குகளை இணைக்கும் நுண்துளைகளில் ஆக்சிஜனேற்றக் கோளாறு இருந்தது. 2023 தொடக்கத்தில் தொழிற்சாலையில் சரிசெய்துவிட்டோம் என்று இன்டெல் சொன்னது. இதுவே மூலகாரணம் என்று சில வாரங்கள் வதந்தி பறந்தது. இது தனிக் கோளாறு. ஆனால் 2023-இல் சரிசெய்ததை 2024 ஜூலையில் மற்றவர்கள் கேட்ட பிறகுதான் சொல்வது என்றால், வதந்தி பறக்காமல் என்ன செய்யும்?

வைத்திருப்பவர்கள்

பாதிப்பு ஐ9-க்கு மட்டும் அல்ல. 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் இந்த வட்டத்துக்குள் வருகின்றன. பெருக்கி பூட்டப்பட்ட, ஓவர்க்ளாக் செய்யவே முடியாத மாதிரிகளும் அவற்றில் உண்டு. மடிக்கணினிப் பிராசசர்களுக்கு இது இல்லை என்றும், 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ் வரிசைக்கும் இல்லை என்றும் இன்டெல் சொல்லியிருக்கிறது. பெட்டியில் விற்ற பிராசசர்களுக்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. திரும்ப அழைக்கவில்லை.

மைக்ரோகோட் தேய்ந்ததை மீட்டுத் தராது. இனித் தேயாமல் பார்க்கும், அவ்வளவே. எனவே ஏற்கெனவே விழுந்துகொண்டிருக்கும் பிராசசரில் புதிய பயாஸைப் போட்டுவிட்டு ‘இன்னும் விழுகிறதே’ என்று காத்திருப்பது வீண். உத்தரவாதத்தில் மாற்றிக்கொள்வதே வழி. மாற்றி வந்த பிராசசரைப் பூட்டுவதற்கு முன்பே பயாஸைப் புதுப்பிப்பது அதைவிட முக்கியம். பழைய பயாஸில் புதிய பிராசசரை ஓட்டினால் அதே கடிகாரம் மறுபடியும் முதலிலிருந்து தேயத் தொடங்கும். பழைய சந்தையில் வாங்குகிறவர்கள், முன்பு எந்த மைக்ரோகோடில் எத்தனை மாதம் ஓடியது என்று கேட்கலாம். விற்பவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. நான் என்றால் 13, 14-ஆம் தலைமுறை ஐ9-ஐப் பழையதாக வாங்கமாட்டேன். சற்றே வேகத்தை விட்டுக்கொடுக்க மனமிருப்பவர்கள் உச்ச அதிர்வெண்ணை 5.5-க்கோ அதற்குக் கீழேயோ பூட்டிவைத்தால், ஒற்றைக் கோர் வேகத்தில் எட்டு விழுக்காடு போகும், 1.5 வோல்ட் பக்கமே பிராசசர் போகாது. வாட் வரம்பைக் குறைப்பதைவிட இது பெரிய காப்பு.

ஏஎம்டி பக்கம் இதெல்லாம் நடக்காது என்று நினைப்பவர்களுக்கு 2023 ஏப்ரலை நினைவூட்டலாம். ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற பிராசசர்கள் சில, சாக்கெட்டோடு சேர்ந்து கருகின. அடிப்புறம் உப்பி வெடித்த படங்கள் பரவின. அங்கேயும் கதை இதுவே: ராமின் வேகத்தைக் கூட்ட எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கியதும், போர்டுகள் தாமாகவே பிராசசரின் எஸ்ஓசி என்ற பகுதிக்குப் போகும் மின்னழுத்தத்தை ஏற்றிவைத்தன. ஏஎம்டி 1.3 வோல்ட் என்று வரம்பு போட்டது. வித்தியாசம் கால அளவில்: ஏஎம்டியின் பிராசசர்கள் புகைந்து காட்டிக்கொடுத்தன, சில வாரங்களில் வரம்பு வந்தது. இன்டெலின் பிராசசர்கள் ஓசையில்லாமல் தேய்ந்தன. விற்பனைக்கு வந்ததிலிருந்து மூலகாரணம் வெளியாகும்வரை இருபத்து மூன்று மாதம்.

அதோடும் முடியவில்லை. 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப் என்ற இன்னொரு மைக்ரோகோட் வந்தது. யாருக்காக? நாள்கணக்கில் அணைக்காமல், இலேசான வேலையில், ஒன்றிரண்டு இழைகளோடு ஓடிக்கொண்டே இருக்கும் கணினிகளுக்காக. அந்த டபிள்யூ680 சர்வர்கள் 2024-இல் சொன்ன சாட்சியத்தின் கடைசி வரி அப்போதுதான் பதிவானது.

அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பாவை வெப்ப அலை தாக்கியபோது, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் முறிவு அறிக்கைகளைக் கவனிக்கும் மோசில்லா பொறியாளர் ஒருவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். இந்த இரு தலைமுறை பிராசசர்களிலிருந்து வரும் அறிக்கைகள் கூடிக்கொண்டே போயின. எந்தெந்த நாட்டில் வெயில் அடிக்கிறது என்பதை அந்த அறிக்கைகளை வைத்தே சொல்லிவிடலாம் போலிருந்தது.